அடகு நகைக்கு மதிப்புப் போடும்போது அருகில் இருங்கள்

மதுரையில் வங்கிக் கிளைகளுக்கு நகை மதிப்பீடு செய்து கொடுப்பவன் என்ற முறையில், வாடிக்கையாளரின் முகம் எந்த இடத்தில் வாடும் என்பது எனக்குத் தெரியும். நகைக்கடைகள் நிறைந்த தெற்கு ஆவணி மூல வீதியில் செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி அனைத்தையும் சேர்த்துக் கொடுத்த தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, நாங்கள் எழுதும் மதிப்பு மிகவும் குறைவாகத் தெரிகிறது. அடகில் தங்கம் மட்டுமே கணக்கில் வரும். கூலிக்கும் கல்லுக்கும் அங்கே இடமில்லை.

மொத்த எடை 40 கிராம் உள்ள கல் வைத்த ஆரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்லுக்கும் அதன் பின்னால் நிரப்பிய அரக்குக்கும் 4 கிராம் கழித்தால் நிகர எடை 36 கிராம். உரைகல்லில் உரைத்துப் பார்த்ததில் அது 20 காரட் என்று தெரிந்தால், 22 காரட்டுக்கு மாற்றிக் கணக்கிடும்போது 32.73 கிராம்தான் நிற்கும். இந்த எடையை 22 காரட் தங்கத்தின் கிராம் விலையால் பெருக்கியே மதிப்பு போடப்படுகிறது. அந்த விலையும் கடையில் பலகையில் எழுதியிருக்கும் விலை அன்று. முந்தைய 30 நாள் சராசரி, முந்தைய நாள் விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே எடுத்துக்கொள்ளப்படும்.

கருத்து வேறுபாடு வருவது பெரும்பாலும் கழிவில்தான். பாட்டி காலத்து அட்டிகையில் கல்லுக்குப் பின்னால் எவ்வளவு அரக்கு இருக்கிறது என்பதை நகையைப் பிரிக்காமல் துல்லியமாகச் சொல்ல இயலாது என்பதால், மதிப்பீட்டாளர் அனுபவத்தைக் கொண்டே கழிக்கிறார். ஒருவர் 3 கிராம் கழிக்கும் இடத்தில் மற்றொருவர் 5 கிராம் கழிக்கலாம். ஆகவே எவ்வளவு கழித்தீர்கள், ஏன் கழித்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். உரைக்கும் இடத்தையும் கவனியுங்கள். பொடி (பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்துப் பற்றவைத்த இணைப்பில் தரம் குறைவாக இருக்கும். அங்கே மட்டும் உரைத்தால் உங்களுக்கு நஷ்டம். மேற்பரப்பை மட்டும் உரைத்தால் முலாம் பூசிய சங்கிலியும் தங்கமாகத் தெரியும். அது வங்கிக்கு நஷ்டம். அதனால்தான் நாங்கள் சில நகைகளைச் சற்று ஆழமாக உரைக்கிறோம். இதற்காகக் கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு, ஆனால் வேறு வழியில்லை.

2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்ட பகுதிகளில் எச்யூஐடி எண் (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு) இல்லாத தங்க நகையைக் கடைக்காரர் பொதுவாக விற்கக் கூடாது. அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் செயலியில் நீங்களே சரிபார்க்கலாம். எண் இல்லாத பழைய நகை போலி என்று பொருளில்லை. தரத்தை உரைத்து அறிய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மதிப்பீடு கடன் வாங்குபவரின் முன்னிலையில் நடக்க வேண்டும். மொத்த எடை, நிகர எடை, காரட், கழிவு, மதிப்பு ஆகியவை அடங்கிய சான்றும் தரப்பட வேண்டும். அதில் கொக்கி அறுந்தது, கல் உதிர்ந்தது போன்ற குறைகளையும் எழுதச் சொல்லுங்கள். நகையைத் திருப்பும்போது வரும் சண்டைகளில் பாதி அந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

கடனை முழுவதும் அடைத்த பிறகு நகை அன்றே, அல்லது அதிகபட்சம் ஏழு வேலை நாட்களுக்குள், உங்கள் கைக்கு வர வேண்டும். கடன் கொடுத்தவர் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.