த்ரூபுட்: உற்பத்தித்திறன் அல்ல, அரவை

தாது ஆலைகளுக்கான பயிற்சிக் கையேடு எது தமிழாகி வந்தாலும் 'உற்பத்தித்திறனை உயர்த்தும் வழிகள்' என்று ஓர் அத்தியாயம் இருக்கும். பெங்களூரில் இப்படிப்பட்ட கையேடுகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. மூலத்தைப் புரட்டினால் அங்கே இருப்பது த்ரூபுட். ஒருமுறை இரண்டுமுறை என்றால் பேசாமல் திருத்திவிட்டுப் போகலாம்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் இல்லை. த்ரூ என்றால் ஊடாக, புட் என்றால் இடுதல். ஆலைகளில் வழங்கியதைப் பிற்பாடு கணினிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். தாது ஆலையில் அதற்குப் பொருள் ஒன்றுதான்: மணிக்கு எத்தனை டன் தாது உள்ளே ஓடுகிறது. எவ்வளவு உலோகம் வெளியே வந்தது என்பது வேறு கணக்கு.

உற்பத்தித்திறன் என்பதோ, போட்ட ஆள், மின்சாரம், பணத்துக்கு எவ்வளவு விளைந்தது என்று பார்ப்பது. இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன ஆகும்? டன்னுக்கு 2 கிராம் தங்கம் உள்ள தாது மணிக்கு 100 டன் ஓடுகிறது, அதில் 90 சதவீதம் தங்கம் பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 180 கிராம். மேலிடம் நெருக்க, 120 டன்னாகத் தள்ளுகிறார்கள். பால் மில்லில், அதாவது இரும்புக் குண்டுகள் உருண்டு தாதுவை அரைக்கும் உருளையில், தாது தங்கும் நேரம் குறைகிறது, அரைபட்டது பருவெட்டாக வருகிறது, கல்லுக்குள் சிக்கிய தங்கத்தை, அதைக் கரைத்தெடுக்கும் சயனைடு எட்ட முடிவதில்லை. பிடிபடுவது 74 சதவீதமாக இறங்கினால் கிடைப்பது 177.6 கிராம்தான். த்ரூபுட் 20 சதவீதம் ஏறிவிட்டது, தங்கம் குறைந்துவிட்டது. 'உற்பத்தித்திறன் உயர்ந்தது' என்று எழுதியவர் இதற்கு என்ன சொல்வார்?

சரி, 'செயல்திறன்' போடலாமே என்கிறார்கள் சிலர். எஃபிஷியன்சி, பெர்ஃபார்மன்ஸ் இரண்டுக்கும் ஏற்கெனவே அதைத்தான் போடுகிறோம். பிடிபடாத ஆங்கிலச் சொல் எதிர்ப்பட்டால் ஒரு 'திறன்' ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவது மொழிபெயர்ப்பாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. இன்னொரு கோஷ்டி 'ஊடுவெளியீடு' என்கிறது. தூய தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளியீடு என்றாலே அவுட்புட். எதை விலக்க வேண்டுமோ அதையே உள்ளே வைத்துச் சொல் செய்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் சொல் நம்மிடமே இருக்கிறது. கரும்பு ஆலைக்காரர்கள் 'இன்னிக்கு அரவை எவ்வளவு?' என்றுதான் கேட்பார்கள். கரும்பில் எத்தனை சதவீதம் சர்க்கரையாக வந்தது என்பதற்குத் தனியே 'பிழிதிறன்' உண்டு. 2024-25 பருவக் கரும்புக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய் என்று மத்திய அரசு விலை வைத்தது 10.25 சதவீதப் பிழிதிறனுக்குத்தான். அரவை ஏறியும் பிழிதிறன் இறங்கலாம் என்று கரும்பு விவசாயிக்கே தெரியும். தாதுவுக்குப் பிழிதல் பொருந்தாது, அங்கே 'மீட்பு வீதம்' போதும். அரவை அப்படியே பொருந்தும், பால் மில்லும் அரைக்கத்தானே செய்கிறது. 'அரவைத்திறன்' என்றால் ஆலை எவ்வளவு அரைக்க வல்லது என்று அமைத்தார்களோ அது. 'அரவை' என்றால் இன்றைக்கு உண்மையில் ஓடியது. திறன் 100 டன், அரவை 70 டன் என்றால் ஆலை நொண்டுகிறது என்று அர்த்தம்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. 'உற்பத்தித்திறன் குறைவு' என்று படிக்கும் மேற்பார்வையாளர் ஆட்களைத்தான் முறைப்பார். 'அரவை குறைவு' என்றிருந்தால் மில் பக்கம் போவார். இரும்புக் குண்டுகள் தேய்ந்து, மோட்டார் இழுக்கும் ஆம்பியர் இறங்கியிருக்கலாம். அரைபட்டதில் பருவெட்டானதையும் நுண்ணியதையும் பிரிக்கும் சைக்ளோன், போதுமான அளவு அரைபட்டதையும் மறுபடி மில்லுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். வெடி சரியாக அமையாமல் சுரங்கத்திலிருந்து பெரும் கற்களாகவே வரலாம். பழகிய ஆபரேட்டர் மில்லின் சத்தத்தை வைத்தே பாதி சொல்லிவிடுவார்: உள்ளே சரக்கு குறைந்தால் குண்டுகள் கணீரென்று மோதும், மிஞ்சினால் சத்தம் மந்தமாகிவிடும்.

இரும்புத் தாதுவை உடைத்துக் கழுவிச் சலிப்பதோடு முடியும் ஆலைகளில் அரவை என்று சொல்ல முடியாது. அங்கே 'கடப்பளவு' என்று எழுதுகிறேன். கணினிக்கு எது சரி என்பதைக் கணினிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.