தண்ணி கிடக்கு, வாயில வைக்கேலாது

திருகோணமலைக் கரையோரக் கிராமங்களில் கள ஆய்வு செய்வது என் வேலை. மக்களைச் சேர்த்து ஆய்வு செய்யுங்கள் என்று நான் ஏன் விடாமல் சொல்கிறேன் என்பதற்குக் காரணம், ஒருமுறை அவர்களைச் சேர்க்காமல் செய்து ஒரு கிராமத்துக்கு நட்டம் உண்டாக்கியிருக்கிறேன்.

மாவட்டத்தின் வடக்கே ஒரு சிறிய மீன்பிடிக் கிராமம், குடிநீர் பற்றிய ஆய்வு. கேள்விப் படிவம் நகரத்தில் மேசையில் தயாரானது. நாங்கள் போனது மாசி மாதம், மாரி மழை ஓய்ந்து கிணறெல்லாம் நிரம்பி நின்ற நேரம். 'கோடையில் குடிதண்ணீர் போதுமா?' என்று கேட்டோம், போதாது என்றார்கள், புள்ளடி போட்டுக்கொண்டு வந்து அறிக்கையில் 'குடிநீர்த் தட்டுப்பாடு' என்று எழுதினோம். அதை நம்பி ஓர் அமைப்பு இன்னொரு கிணறு வெட்டிக் கொடுத்தது. கச்சான் காற்று அடிக்கிற ஆடி, ஆவணியில் அந்தக் கிணறும் உவராகிப் போனது.

திரும்பப் போனபோது ஓர் அம்மா சொன்னார்: "தண்ணி இல்லையெண்டு ஆர் தம்பி சொன்னது? தண்ணி கிடக்கு. வாயில வைக்கேலாது."

தட்டுப்பாடு என்றால் இன்னொரு கிணறு வெட்டலாம். உவர் என்றால் வெட்ட வெட்ட உவர்தான் வரும். நாங்கள் எழுதிய ஒரு சொல்தான் மருந்தை மாற்றியது. எழுதியதை ஒருநாள் அந்த ஊரில் வாசித்துக் காட்டியிருந்தால் அங்கேயே திருத்தியிருப்பார்கள்.

பிறகு படிவம் இல்லாமல் போனோம். மணலில் ஊரின் படத்தை அவர்களே கீறினார்கள், பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டு, தண்ணீர் எந்த மாதம் எவ்வளவு கரிக்கும் என்று புளியங்கொட்டை வைத்தார்கள். ஒருவர் மூன்று வைத்தால் இன்னொருவர் அதில் ஒன்றை எடுப்பார், உடனே வாக்குவாதம். அந்த வாக்குவாதத்தைக் கவனமாகக் கேட்டு எழுதுங்கள், எந்தப் படிவத்திலும் வராத தகவல் அதில்தான் வரும். எங்களுக்கு அப்படித்தான் மணல் மேட்டுக் கிணறு தெரியவந்தது. ஆவணியிலும் இனிக்கிற ஒரே கிணறு அது, தண்ணீர் அள்ளுகிற பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கிணறு இனிப்பதற்குக் காரணம் இருக்கிறது. மழைநீர் உப்புநீரை விட எடை குறைந்தது, அதனால் மணலுக்குள் இறங்கி உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் இருந்தால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கலாம். மோட்டர் வைத்து இறைத்து மேலே ஓர் அடியைக் குறைத்தால், கீழேயிருந்து உப்பு அதே கணக்கில் ஏறத் தொடங்கும். "வாளியால அள்ளினா இனிக்கும், மோட்டர் போட்டா கெட்டுப்போகும்" என்று அந்தப் பெண்கள் சொன்னதும் இதைத்தான்.

சரி, முதல் தடவை இவர்களை ஏன் சந்திக்கவில்லை? கூட்டத்தைக் காலை பத்து மணிக்குப் பிரதான வீதியோரக் கட்டடத்தில் வைத்தோம். கரைவலைக்குப் போனவர்கள் கடற்கரையில், பெண்கள் கூலி வேலையில், வந்தது சங்கத் தலைவர்கள் மட்டும். வெளியாட்கள் நல்ல வீதியை விட்டு இறங்குவதில்லை என்று கிராம அபிவிருத்தி ஆய்வாளர் றொபேட் சேம்பர்ஸ் 1983 இலேயே எழுதிவிட்டார், நாங்களும் அதையேதான் செய்திருக்கிறோம். இன்னொன்று, போனவுடன் வரவுப் பதிவை நீட்டாதீர்கள். போரில் இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்களில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். பெயர் எதற்கு, யார் கைக்குப் போகும் என்று முதலில் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் கொள்கைப் பக்கம். கோரிக்கை பிழையான வாசலில் நின்றால் வருஷக்கணக்கில் அங்கேயே நிற்கும். குழாய் நீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் வேலை. கிராமத்து உள்வீதி, வடிகால், பொதுக் கிணறு எல்லாம் பிரதேச சபைக்கு உரியவை. அடுத்த வருஷ வரவு செலவுத் திட்டம் வருஷக் கடைசியில் நிறைவேறும், ஆகவே கோரிக்கை புரட்டாசிக்கு முன்பே எழுத்தில் போய்ச் சேரட்டும். வட்டார உறுப்பினரோடு பெண் உறுப்பினரையும் தேடிப் போங்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தது, தண்ணீர் அள்ளத் தெரிந்தவரிடம் இதை விளக்க அதிக நேரம் எடுக்காது. பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, விண்ணப்பித்தால் தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஊர்ப் பெண்கள் கேட்டது மூன்றே விஷயம்: மேட்டுக் கிணற்றுக்குக் கட்டு, சுற்றி வேலி, பக்கத்தில் மலசலகூடம் கட்ட அனுமதியாமை. கடிதம் அவர்களுடைய வார்த்தையில், மணலில் கீறிய படத்தைத் தாளில் பிரதிசெய்து இணைத்துப் போனது. கட்டு வந்தது. வேலிக்குக் காசு ஒதுக்கவில்லை, பனை மட்டையால் அவர்களே அடைத்தார்கள். மலசலகூட விஷயத்துக்கு இன்னும் பதில் இல்லை, இந்தப் புரட்டாசிக்கு முன் மறுபடியும் எழுதப் போகிறார்கள். மோட்டர் வைக்கக் கூடாது என்பதை யாரிடமும் கேட்காமல் ஊர்க்கூட்டத்தில் தாங்களே முடிவெடுத்துவிட்டார்கள்.