புகைபோக்கிக்கு எத்தனை வாய்தா?

அனல்மின் நிலையப் புகைபோக்கிகளில் மாதிரி எடுப்பது என் பிழைப்பு. லிஃப்ட் ஓடினால் லிஃப்டில், இல்லையென்றால் படியேறிப் போய், நடுவில் இருக்கும் மேடையில் நின்று துளைக்குள் குழாயை விட்டுப் புகையை உறிஞ்சி, ஐஸில் வைத்த கண்ணாடிக் குடுவைகள் வழியாக விடுவோம். அதிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு கந்தக டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் அளந்து எண்ணை எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்று ஒரு கட்டம் உண்டு, சிக்கலெல்லாம் அங்கேதான்.

2015 டிசம்பர் வரை நம் நாட்டில் இந்த வாயுவுக்குப் புகைபோக்கி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்றுதான் விதி இருந்தது, எவ்வளவு வெளியேறலாம் என்று இல்லை. அந்த மாதம் மத்திய அரசு வரம்பு கொண்டுவந்தது: 500 மெகாவாட்டுக்குக் குறைந்த பழைய அலகுகளுக்கு (ஒரு கொதிகலனும் அதன் மின்னாக்கியும் சேர்ந்தது ஓர் அலகு) ஒரு கன மீட்டருக்கு 600 மில்லிகிராம், பெரிய அலகுகளுக்கு 200, 2017-இலிருந்து வருபவைக்கு 100. கந்தகத்தை நீக்கும் கருவி (எஃப்ஜிடி என்போம்) இல்லாத அலகில் அளந்தால் பெரும்பாலும் வரம்பைத் தாண்டித்தான் வரும், பல இடங்களில் 1,000-ஐயும் தாண்டும். கருவியில் புதுமை ஒன்றும் இல்லை, மும்பை டிராம்பேயில் கடல்நீரை வைத்துக் கந்தகத்தைக் கழுவும் எஃப்ஜிடி பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

இந்த வரம்புக்குள் வரக் கெடு 2017. அப்புறம் 2022 என்றார்கள். 2021-இல் நிலையங்களை ஏ (பெருநகரங்களை ஒட்டியவை), பி (மாசு மிகுந்த பகுதிகளை ஒட்டியவை), சி (மீதமெல்லாம்) என்று பிரித்து ஆளுக்கொரு தேதி கொடுத்தார்கள், அடுத்த ஆண்டே அதையும் தள்ளி வைத்தார்கள், 2024 டிசம்பரில் மறுபடியும் ஒரு நீட்டிப்பு. சிவில் வழக்கில் வாய்தா வாங்குவது மாதிரிதான். கடைசியில் 2025 ஜூலையில், மொத்த அலகுகளில் சுமார் 78 சதவீதமான சி பிரிவுக்கு எஃப்ஜிடியே தேவையில்லை என்று விலக்கு வந்துவிட்டது. ஏ பிரிவுக்கு 2027 இறுதி வரை நேரம், பி பிரிவை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்களாம்.

ஏன் இப்படி? பணம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், ஆனால் யாருடைய பணம் என்று பாருங்கள். 500 மெகாவாட் அலகு ஒன்றுக்கே இந்தக் கருவி சில நூறு கோடி ரூபாய். அதை மின்கட்டணத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று மின்துறை அமைச்சகம் 2018-லேயே சொல்லிவிட்டது. ஆக கடைசியில் கட்டப்போவது மின்வாரியமும் நாமும்தான். கட்டணத்தை உயர்த்த எந்த மாநில அரசுக்குத் தைரியம் வரும்? தமிழ்நாட்டில் 2014-க்குப் பிறகு 2022-இல்தான் உயர்த்தினார்கள். கட்டணம் ஏறினால் மறுநாளே போராட்டம், கந்தகத்துக்காக யாரும் சாலையில் உட்காருவதில்லை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. எந்த நிலையத்தின் மின்சாரத்தை முதலில் எடுப்பது என்பதை யூனிட்டுக்கு ஆகும் எரிபொருள் செலவை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள், மலிவானது முதலில். எஃப்ஜிடி ஓடினால் சுண்ணாம்புக்கல் செலவு, கருவியே இழுக்கும் மின்சாரம் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் அந்த நிலையம் வரிசையில் பின்னால் போகும். சொன்ன பேச்சைக் கேட்டவனுக்கு வியாபாரம் குறைகிறது! மீறியவனுக்கு 2021-இல் விதித்த அபராதமோ யூனிட்டுக்கு 5 பைசாவில் தொடங்கி அதிகபட்சம் 20 பைசாவாக இருந்தது, அதுவும் கெடு முடிந்த பிறகுதான். கெடு முடிந்தால்தானே? ஒரு நிலையத்தில் என் அறிக்கையின் குறிப்புப் பகுதியில் 'கெடு நீட்டிக்கப்பட்டுள்ளது' என்று எழுதித் தரச் சொன்னார்கள். அளந்தவன் எண்ணைத்தான் எழுதலாம், காரணத்தை நீங்கள் தனிக் கடிதமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விலக்குக்கு அரசு சொல்லும் காரணங்கள் எல்லாமே வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, சாம்பல்தான் அதிகம், உண்மை. சுண்ணாம்புக்கல்லை வெட்டி, ஏற்றி, கரைக்கும்போது கரியமில வாயுவும் வெளியேறும், அதுவும் உண்மை. ஆனால் நிலையத்தைச் சுற்றியுள்ள காற்றில் கந்தக டை ஆக்சைடு அனுமதிக்கப்பட்ட 80 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் இருக்கிறது, எனவே பிரச்சினை இல்லை என்பதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. 275 மீட்டர் உயரத்துக்குப் புகைபோக்கி கட்டுவதே புகை பக்கத்தில் விழக்கூடாது என்பதற்காகத்தான், அப்புறம் பக்கத்தில் அளந்து பார்த்து 'ஒன்றும் இல்லையே' என்றால் எப்படி? அந்த வாயு காற்றில் போகும் வழியில் சல்பேட் நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எவருடைய நுரையீரலிலோ இறங்கும். அங்கே அது வாகனப் புகை, குப்பை எரிப்பு கணக்கில் சேர்ந்துவிடும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஒவ்வொரு நிலையமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று அறிக்கை கொடுக்க வேண்டும், அதை இணையத்திலும் போட வேண்டும். எடுத்துப் படியுங்கள், வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டண உயர்வுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும்போது எல்லோரும் பைசா கணக்கைத்தான் பேசுகிறார்கள். அங்கேயே எழுந்து, எங்கள் கட்டணத்தில் எஃப்ஜிடிக்கு என்று எவ்வளவு சேர்த்திருக்கிறீர்கள், வாங்கிய கருவி போன ஆண்டு எத்தனை மணிநேரம் ஓடியது என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, பதிலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.