நோர்வேயில் மொழி வகுப்பு: யாருக்கு உரிமை, யாருக்குக் கடமை?

நோர்வேயின் மழலையர் காப்பகங்களில், அதாவது பார்ன்ஹாகெயில், உள்ளே நுழைந்ததும் உடுப்பு மாற்றும் இடம் வரும். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் எழுதிய ஒரு கொக்கியும் சிறு தட்டும் இருக்கும். அந்தத் தட்டின் மேல் சில நாட்களில் ஒரு துண்டுத் தாள் ஒட்டப்பட்டிருக்கும்: கம்பளிக் காலுறை முடிந்துவிட்டது, மாற்றுடுப்பு கொண்டுவரவும், வரும் வெள்ளிக்கிழமை திட்டமிடல் நாள் என்பதால் காப்பகம் மூடியிருக்கும். திட்டமிடல் நாட்கள் வருடத்துக்கு ஐந்து. அந்தத் தாளை வாசிக்கத் தெரியாத தாய், வெள்ளிக்கிழமை காலை பனியில் பிள்ளையைக் கையில் பிடித்தபடி பூட்டிய கதவின் முன்னே வந்து நிற்பார். குடும்ப வாழ்க்கைக்குத் தேவைப்படும் நோர்வேஜிய மொழி பெரும்பாலும் இப்படிப்பட்ட தாள்களிலும் பாடசாலைச் செயலியில் வரும் செய்திகளிலும்தான் இருக்கிறது. அதைக் கற்பதற்கு நாட்டின் சட்டம் செய்திருக்கும் ஏற்பாட்டையும், அது யாருக்கு எந்த அளவில் கிடைக்கும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில், பழைய கணக்கொன்றை மறந்துவிட வேண்டும். இருபது வருடங்களுக்கு முன் வந்த உறவினர்கள் புதிதாக வருபவர்களுக்கு இன்றும் மணித்தியாலக் கணக்கில்தான் அறிவுரை சொல்கிறார்கள். 2003 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட அறிமுகச் சட்டத்தின் கீழ் அது சரியாகவே இருந்தது. 2012 முதல் மொழிக்கு 550, சமூக அறிவுப் பாடத்துக்கு 50 என 600 மணித்தியாலங்களை முடித்தால் போதும் என்பது விதி. 2021 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் ஒருங்கிணைப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இச்சட்டத்தின் கீழ் உரிமையும் கடமையும் உள்ளவருக்கு மணித்தியாலம் அளவுகோல் அல்ல. அவர் எட்ட வேண்டிய மொழித் தரம் ஒன்றை கொம்யூனே, அதாவது உள்ளூராட்சி நிர்வாகம், அவருடைய கல்விப் பின்னணியைப் பார்த்து நிர்ணயிக்கிறது. வகுப்பில் எத்தனை நாள் அமர்ந்தோம் என்பதை விட்டு எவ்வளவு பேசவும் எழுதவும் முடிகிறது என்பதைச் சட்டம் பார்க்கத் தொடங்கியது நல்ல மாற்றம் என்பது என் கருத்து.

யாருக்கு எது என்பதைத் தீர்மானிப்பது வதிவிட அனுமதியின் அடிப்படை. ஒரே தொடர்மாடியில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கும் இரண்டு தமிழ்க் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து பல வருடங்களுக்கு முன் வந்து நோர்வேஜியக் குடியுரிமை பெற்றவரின் மனைவி, திருமணமாகிப் புதிதாக வந்திருக்கிறார். இரண்டாவது வீட்டில், ஸ்தவாங்கரில் எண்ணெய்த் துறையில் பணியாற்றச் சென்னையிலிருந்து வந்த பொறியாளரின் மனைவி இருக்கிறார். இருவருக்கும் ஒரே வயது, ஒரே அளவு படிப்பு, இருவர் மடியிலும் ஒரு வயதுக் குழந்தை. ஆனால் முதலாமவருக்கு மொழி வகுப்பு உரிமையும் கடமையும் ஆகும்; கட்டணம் கிடையாது. இரண்டாமவருக்கு அது கடமை மட்டுமே. 250 மணித்தியாலம் மொழியும் 50 மணித்தியாலம் சமூக அறிவும் அவர் முடிக்க வேண்டும், அதற்கு கொம்யூனே கட்டணம் வசூலிக்கலாம். அகதிகளும் அவர்களுடன் குடும்ப இணைவில் வந்தவர்களும், நோர்வே மற்றும் ஏனைய நோர்டிக் நாட்டுக் குடிமக்களின் குடும்பத்தினரும், நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களின் குடும்பத்தினரும் முதல் வகையில் அடங்குவர். ஐரோப்பிய ஒன்றியமும் நோர்வே போன்ற சில நாடுகளும் அடங்கிய ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் இரண்டாவது வகை. அந்தப் பகுதிக்குள்ளிருந்து அதன் விதிகளின்படி வந்து தங்குபவர்களுக்கு உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ குடியுரிமை பெற்றுப் பின்னர் நோர்வேக்கு இடம்பெயரும் தமிழர்கள் இதை அறியாமல் வந்து ஏமாற்றம் அடைவதுண்டு. இந்த விதிகள் 18 முதல் 67 வயது வரை உள்ளவர்களுக்கானவை. மாணவர் அனுமதி போல நிரந்தர வதிவிடத்துக்கு அடிப்படையாகாத அனுமதிகள் இவற்றுக்குள் வருவதில்லை.

எந்த வகை என்று ஊகிக்கத் தேவையில்லை. குடிவரவு இயக்குநரகமான யூ.டி.ஐ. அனுப்பும் அனுமதிக் கடிதத்திலேயே, உரிமையும் கடமையுமா, கடமை மட்டுமா என்பது எழுதப்பட்டிருக்கும். பலர் அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் அந்தப் பந்தியை வாசிக்காமலே கடிதத்தைக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். கடிதம் வந்ததும் அந்தப் பந்தியைத் தேடிப் பார்த்து, அதன் நகலுடன் கொம்யூனேயின் வயதுவந்தோர் கல்வி நிலையத்துக்கு எழுத்து மூலம் கோரிக்கை அனுப்புவதே முதல் வேலை. கோரிக்கை வைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் பயிற்சியைத் தொடங்கும் பொறுப்பு கொம்யூனேக்கு உண்டு. வாய்மொழியாகக் கேட்டால் எந்த நாளில் கேட்டோம் என்பதற்குச் சான்று இருக்காது.

உரிமை உள்ளவருக்கு கொம்யூனே ஒரு தனிப்பட்ட மொழித் திட்டத்தை எழுதித் தர வேண்டும். பெரும்பாலோருக்கு இலக்கு ஐரோப்பிய மொழி அளவுகோலின் பி1 தரம். ஊரில் உயர்தரம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு பி2. பள்ளிக்கல்வி மிகக் குறைவாக உள்ளவருக்குக் குறைந்தது ஏ2. வீட்டுக் கணக்கில் சொல்வதானால், ஏ2 என்பது மருத்துவரிடம் நேரம் கேட்டுத் தொலைபேசியில் பேசி முடிக்கும் அளவு. பி1 என்பது பாடசாலையில் பெற்றோர் சந்திப்பில் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் சொல்வதைப் புரிந்து, நம் கருத்தையும் சொல்லும் அளவு. பி2 என்பது வேலையிடத்தில் அறிக்கை எழுதும் அளவு. உயர்தரம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இலக்கை எட்ட 18 மாதங்கள் வரையும் மற்றவர்களுக்கு மூன்று வருடங்கள் வரையும் பயிற்சி கிடைக்கும். எனவே முதல் சந்திப்பில் கல்விச் சான்றிதழ்களைக் காட்டுவது முக்கியம். காலம் குறையும் என்று பயந்து படிப்பை மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படிச் செய்தால் இலக்கும் தாழ்ந்துவிடும், மெதுவான வகுப்பில் அமர்த்தப்படுவார்கள், பின்னர் வேலைக்கு பி2 கேட்கும்போது சொந்தப் பணத்தில் படிக்க நேரும்.

அகதியாக வந்து கொம்யூனேயில் குடியமர்த்தப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் அறிமுகத் திட்டம் என்ற முழுநேர ஏற்பாடு உண்டு. அதில் 18 முதல் 55 வயது வரை உள்ளவர்கள் வாரத்துக்கு 37.5 மணித்தியாலம் பங்கெடுத்து, தேசியக் காப்புறுதியின் அடிப்படைத் தொகையைப் போல் இரு மடங்கை வருடக் கொடுப்பனவாகப் பெறுவார்கள். 2025 மே மாதம் அடிப்படைத் தொகை 1,30,160 குரோனராக நிர்ணயிக்கப்பட்டது. 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுப்பனவு குறைவு. பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இத்திட்டத்தில் பெற்றோர் வழிகாட்டல் கட்டாயம். அந்த வகுப்புகளைப் பிள்ளை வளர்ப்பைக் குறை சொல்லும் இடமாகச் சிலர் அஞ்சுகிறார்கள். பிள்ளை நித்திரை கொள்ள மறுப்பது, பதின்ம வயதினரின் கோபம், அடிக்காமல் கண்டிப்பது போன்ற வீட்டு விடயங்களே அங்கு பேசப்படுகின்றன.

இனி, வகுப்புக்குப் போவதற்கே தடையாக நிற்கும் குழந்தைப் பராமரிப்பு. மேலே சொன்ன இரு தாய்மாரும் பகல் வகுப்புக்குப் போவதா இல்லையா என்பது பெரும்பாலும் காப்பகத்தில் இடம் கிடைப்பதைப் பொறுத்தே அமைகிறது. நவம்பர் மாத முடிவுக்குள் ஒரு வயது நிறையும் பிள்ளைக்கு அந்த வருடம் இடம் பெறச் சட்ட உரிமை உண்டு. ஆனால் முதன்மைச் சேர்க்கைக்குரிய விண்ணப்பம் பெரும்பாலான கொம்யூனேக்களில் மார்ச் 1 ஆம் திகதியுடன் முடிவதால், அதற்குப் பின் நாட்டுக்கு வந்த குடும்பம் காலி இடத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே வந்த வாரமே விண்ணப்பித்துவிடுவது நல்லது. 2025 ஆகஸ்ட் முதல் மாதக் கட்டணத்தின் உச்ச வரம்பு 1,200 குரோனர். எந்தக் குடும்பமும் தன் வருமானத்தின் 6 சதவீதத்துக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. இரண்டாவது பிள்ளைக்குக் கழிவு உண்டு, மூன்றாவது பிள்ளைக்குக் கட்டணமே இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களின் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் 20 மணித்தியாலம் இலவசம். வருமானக் கழிவு தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். வடக்கே ஃபின்மார்க்கிலும் வட துரோம்ஸிலும் 2023 ஆகஸ்ட் முதல் காப்பகம் முற்றிலும் இலவசம். எண்பதுகளில் அதே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வந்த எங்கள் பெற்றோர் தலைமுறை, மொழி வகுப்பும் காப்பகமும் இல்லாமல், வெட்டு மேசையில் நின்று கேட்டுக் கேட்டே இந்த மொழியைப் பிடித்துக்கொண்டது. அவர்களிடம் இன்றும் வட நோர்வே உச்சரிப்பு இருக்கிறது. வகுப்பில் புக்மோல் என்ற எழுத்து வடிவத்தைப் படித்துவிட்டுத் தெருவில் வேறு பேச்சுவழக்கைக் கேட்டுத் திகைக்கும் புதியவர்கள் அவர்களிடம் போய்க் கேட்கலாம்.

பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்குத் தனி உரிமை இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கல்விச் சட்டத்தின்படி, வழமையான வகுப்பைப் பின்தொடரும் அளவுக்கு நோர்வேஜியம் வராத பிள்ளைக்குச் சிறப்பு மொழிக் கற்பித்தல் கிடைக்க வேண்டும். தேவையெனில் தாய்மொழிக் கற்பித்தலும் இருமொழிப் பாடமும் சேரும். புதிதாக வந்தவர்களுக்கென அமைந்த தொடக்க வகுப்பில் பிள்ளை அதிகபட்சம் இரண்டு வருடம் இருக்கலாம், அதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் நோர்வேஜியம் கெடும் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். தாய்மொழியைச் சட்டமே கற்றலுக்குத் துணையாக வைத்திருக்கிறது.

கொம்யூனே உரிமையை மறுத்தாலோ, எழுதிய திட்டத்தில் இலக்கு பொருந்தாவிட்டாலோ, அது எழுத்து மூலமான நிர்வாக முடிவாக வர வேண்டும். கிடைத்த மூன்று வாரங்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். மேன்முறையீட்டைக் கொம்யூனேக்கே அனுப்ப வேண்டும், அது முடிவை மாற்றாவிட்டால் மாவட்ட அரச நிர்வாகியிடம் போகும். நோய் அல்லது பிரசவ விடுப்பால் வகுப்பு தடைப்பட்டால் சான்றுடன் உடனே அறிவித்து, காலத்தை நீட்டித்துத் தருமாறு கேட்க வேண்டும். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் கொண்ட நோர்வேஜியத் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி முடிவு தரப்படும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் 18 முதல் 67 வயதினர் பேச்சுப் பகுதியில் பி1 பெற்றிருக்க வேண்டும் என்பது 2022 அக்டோபர் 1 முதல் உள்ள விதி. அதற்கு முன் ஏ2 போதுமாயிருந்தது. எழுத்தில் கெட்டிக்காரராகவும் பேச்சில் கூச்சமுள்ளவராகவும் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த விதிதான் கடினம். நூலகங்களிலும் செஞ்சிலுவைச் சங்கக் கிளைகளிலும் நடக்கும் இலவச மொழிக் கூடல்கள் அதற்கு உதவும்.

மொழி வரும்வரை என்ன செய்வது என்பதற்கும் சட்டத்தில் விடை இருக்கிறது, இதைத்தான் எல்லாக் குடும்பங்களும் முதலில் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவ நிலையத்தில், பதினொரு வயதுச் சிறுமி தன் தாய்க்கும் மருத்துவருக்கும் நடுவே நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கர்ப்பப்பை பற்றிய கேள்வி வந்ததும் சிறுமி தலையைக் குனிந்து, "அம்மா, அவ ஏதோ வயிற்றைப் பற்றிக் கேட்கிறா" என்று மட்டும் சொன்னாள். தாயும் வெட்கத்துடன் "ஒன்றுமில்லை எண்டு சொல்லு பிள்ளை" என்றார். உண்மையில் அவருக்கு அங்கே வலி இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், அரச அமைப்புகள் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. உயிராபத்து போன்ற அவசரநிலைகளுக்கும், பிள்ளையின் நலனைக் கருதி ஏற்கத்தக்க சிறு சூழல்களுக்கும் மட்டுமே விலக்கு. நீதி கிடைக்கவோ முறையான உதவியும் சேவையும் பெறவோ மொழிபெயர்ப்பு தேவைப்படும் இடத்தில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அந்த அமைப்பின் பொறுப்பு. நேரம் பதிவு செய்யும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவைக்க வேண்டும். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா எது வசதி என்றும், பெண் வேண்டுமா என்றும் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளருக்கு இரகசியம் காக்கும் கடமை உண்டு, அவர் நம் ஊர்க்காரராக இருந்தாலும் அறைக்குள் பேசியதை வெளியில் சொல்ல முடியாது. தொலைபேசியில் இந்த ஒரு வரியைச் சொல்லும் அளவு மொழிகூட இன்னும் வரவில்லையென்றால், பாடசாலைக்கோ மருத்துவ நிலையத்துக்கோ செய்தி அனுப்பும்போது "tamilsk tolk" (தமில்ஸ்க் தொல்க், அதாவது தமிழ் மொழிபெயர்ப்பாளர்) என்ற இரண்டே சொற்களை எழுதினால் போதும்.