ஃபார்மட் அடிக்கும் முன்பு

தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து இ-சேவை மையங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "அண்ணே, கைரேகை மெஷினை சிஸ்டம் எடுக்கல." "வயரை மாத்திக் குத்திப் பாரு மக்கா. வரலன்னா ஃபார்மட் அடிச்சிரலாம்." மாற்றிக் குத்துவது சரிதான். டிஸ்க்கை அழித்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றும் ஃபார்மட் பெரும்பாலும் வீண்வேலை. கணினி கிளம்பும்போது எந்தப் படியில் நின்றது என்று பார்த்தாலே கோளாறு இருக்கும் இடம் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

சுவிட்சைப் போட்ட நொடியில் கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் காலி. ஆப்பரேட்டிங் சிஸ்டம், அது விண்டோஸோ லினக்ஸோ, டிஸ்க்கில் கிடக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்பதுகூட அப்போது ப்ராசஸருக்குத் தெரியாது. ஒரே ஒரு முகவரிக்குப் போய் அங்குள்ள கட்டளையை எடுக்க மட்டும் தெரியும். அங்கே மதர்போர்டின் ஃபிளாஷ் சிப்பில் ஒரு சின்ன நிரல் இருக்கிறது. பழைய கணினிகளில் அது பயாஸ், இப்போது யூ.இ.எஃப்.ஐ. ரேமைத் தயார்செய்வது அதன் முதல் வேலைகளில் ஒன்று. இங்கேயே நின்றுபோனால் திரை இருட்டாகவே இருக்கும், பல மதர்போர்டுகளில் பீப் சத்தம் கேட்கும். குளச்சல், முட்டம் மாதிரி உப்புக்காற்று வீசும் ஊர்களில் ரேமின் பொன்னிறப் பற்களில் அழுக்கேறித் தொடர்பு விட்டுப்போவது உண்டு. கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் பல நேரம் உயிர் வந்துவிடும். டிஸ்க்கை இன்னும் யாரும் தொடவே இல்லை. அதை ஃபார்மட் அடித்து என்ன ஆகப்போகிறது?

அடுத்தது பூட்லோடர், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் நிரல். பயாஸ் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள், அதிலும் 446 பைட்டுக்குள், இதன் முதல் துண்டு அடங்கியாக வேண்டும். அது தன்னைவிடப் பெரிய அடுத்த துண்டை இழுத்து வரும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் நினைவிருக்கிறதா? 'விண்டோஸா, பாஸ் லினக்ஸா' என்று ஆன் செய்ததும் கேட்டது இந்தப் பூட்லோடர்தான்.

அது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னலை ரேமில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கெர்னலுக்கோ இந்தப் பெட்டியில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று முழுதாகத் தெரியாது. புது ஊருக்கு வந்த தபால்காரர் மாதிரி வாசல் வாசலாகப் போய், 'யார் இருக்கீங்க?' என்று கேட்கிறது. மதர்போர்டோடு நேரடியாக இணையும் பி.சி.ஐ. கருவிகள் தயாரிப்பாளரின் எண்ணைச் சொல்லும். இன்டெலின் எண் 8086. 1978-இல் வந்த அவர்களது ப்ராசஸரின் பெயர். இந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும்.

இனி கைரேகை மெஷினுக்கு வருவோம். யூ.எஸ்.பி. வயரைக் குத்தியதும், கருவிக்குள் இருக்கும் 1,500 ஓம் மின்தடை ஒரு கம்பியின் மின்னழுத்தத்தை மேலே இழுக்கிறது. 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்பதற்கு அதுதான் அடையாளம். கணினி கருவியை ரீசெட் செய்கிறது. புதிதாக வந்த எந்தக் கருவிக்கும் முகவரி 0. பிறகு 1 முதல் 127 வரைக்குள் தனி முகவரி கிடைக்கும். அடுத்து 18 பைட் கொண்ட விவரக்குறிப்பைக் கேட்கிறது. தயாரித்தது யார், எந்த மாடல் என்ற இரண்டு எண்கள் அதில் இருக்கும். அவற்றுக்குப் பொருந்தும் டிரைவரை, அதாவது அந்தக் கருவியை இயக்கத் தெரிந்த நிரலை, தேடி எடுப்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பொறுப்பு.

இப்போது மாட்டியிருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். குத்தினாலும் பிடுங்கினாலும் பட்டியலில் அசைவே இல்லையென்றால் முதலில் வயரையும் போர்ட்டையும் சந்தேகப்பட வேண்டும். 'அன்நோன் யூ.எஸ்.பி. டிவைஸ்' என்று வந்தால், கருவி வந்தது தெரிந்திருக்கிறது, கேள்விக்குத்தான் ஒழுங்கான பதில் இல்லை. பெரும்பாலும் நைந்த வயர், ஆடும் போர்ட், அல்லது கருவியே போய்விட்டது. கருவியின் பெயர் மஞ்சள் முக்கோணத்தோடு நின்றால் மட்டும் டிரைவர் பக்கம் போகலாம். பெயரும் வந்து, முக்கோணமும் இல்லாமல், ஆதார் தளத்தில் மட்டும் கைரேகை எடுக்கவில்லையா? டிரைவருக்கு மேலே ஓடும், கைரேகையை ஆதாருக்கு ஏற்றபடி பாதுகாப்பாகக் கொடுக்கும் ஆர்.டி. சர்வீஸ் என்ற நிரலைப் பாருங்கள்.

இன்னொன்று. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வேகத் தொடக்க வசதி இயங்கும் கணினிகளில் ஷட்டவுன் கொடுத்தால் கெர்னல் முழுதாக அணைவதில்லை. தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துத் தொடரும். நேற்றுக் குழம்பிப்போன டிரைவர் இன்றும் அதே குழப்பத்தோடு எழுந்திருக்க வாய்ப்புண்டு. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "நைட்டு ஆஃப் பண்ணிட்டுத்தானே போனேன்" என்பவரிடம், ரீஸ்டார்ட் கொடுத்தீர்களா என்று தனியாகக் கேட்க வேண்டும்.