உள்வீட்டு இருட்டில் அரும்பும் கள்ளி

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ டிசம்பரில் போய்வரும் காரைக்குடிக்காரர்களின் கார் டிக்கியில் ஒரு கிறிஸ்துமஸ் கள்ளித் தொட்டியாவது இருக்கும். வாங்கும்போது தண்டு நுனியெல்லாம் ரோஸ் நிறத்தில் பூத்துத் தொங்கும். ஊர் வந்து சேர்ந்த சில நாளில் பூ உதிரும். செடி சாகாது. பச்சைப்பசேலென்று கிளைத்து வளரும், ஆனால் அடுத்த டிசம்பரில் ஒரு மொட்டுகூட வைக்காது. சத்து போதவில்லை என்று கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றுவார்கள். செடி இன்னும் கொஞ்சம் பச்சையாகும், அவ்வளவுதான். அதற்குக் குறைவது உரமல்ல, இருட்டு.

கள்ளி என்றதும் நமக்குக் கண்மாய்க்கரைச் சப்பாத்திக்கள்ளிதான் கண்முன் வரும். இது அந்த ரகமே இல்லை. பிரேசிலின் தென்கிழக்கில், ரியோ டி ஜெனிரோவை ஒட்டிய மலைகளில், 700 மீட்டருக்கு மேலே மேகம் தங்கும் காடுகளில் வளர்வது. மரக்கவட்டிலும் பாறை இடுக்கிலும் மக்கிக் கிடக்கும் சருகில் வேர்விட்டுத் தொற்றிக்கொண்டிருக்கும். மரத்தின் சாற்றை உறிஞ்சாது. இலை போலத் தெரிவது இலையல்ல, தட்டையான தண்டு. நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று வளர்க்கிறோமே, இராத்திரியில் விரியும் வெள்ளைப் பூ, அதுவும் இதே கள்ளிக் குடும்பம்தான். அதற்கும் தண்டுதான் இலை.

கடையில் கிறிஸ்துமஸ் கள்ளி என்று கொடுப்பது பெரும்பாலும் அதன் நெருங்கிய உறவு. தண்டின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கூரான பல் இருந்தால் அது ஷ்லும்பெர்கெரா டிரங்கேட்டா, நவம்பரிலேயே பூக்கத் தொடங்கும். ஓரம் மழுங்கி அலை அலையாக இருந்தால்தான் அசல் கிறிஸ்துமஸ் கள்ளி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இரண்டு இனங்களைக் கலந்து உண்டாக்கிய கலப்பினம். வளர்ப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிரேசில் மலையில் டிரங்கேட்டா பூப்பது மே மாத வாக்கில். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அப்போதுதான் இரவு நீண்டு, குளிர் இறங்கும். அதே செடியை வடக்கே கொண்டுவந்தால் நவம்பர், டிசம்பருக்கு மாறிக்கொள்கிறது. ஆக, அது பார்ப்பது மாதத்தை அல்ல.

செடிகள் பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்று 1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் ஒரு புகையிலை ரகத்தை வைத்துக் காட்டினார்கள். 1938இல் ஹாம்னரும் பானரும் வேறொரு செடியில் சோதித்தபோது விஷயம் தலைகீழானது: கணக்கு பகலில் இல்லை, இரவில் இருக்கிறது. பகலின் நடுவே சற்று இருட்டாக்கினால் செடி பொருட்படுத்தவில்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டாலோ பூவே வரவில்லை.

இதைக் கவனிப்பது ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம். சூரிய ஒளியிலுள்ள சிவப்பு பட்டதும் அது ஒரு வடிவத்துக்கு மாறும். இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். செல்லுக்குள் ஓடும் நாள்கடிகாரத்தோடு இந்த மாற்றத்தை ஒப்பிட்டு, இரவு போதுமான அளவு நீண்டிருக்கிறதா என்று செடி அறிகிறது. நீண்டிருந்தால் பூக்கச் சொல்லும் புரதம் உண்டாகி, வளரும் நுனிக்குப் போகிறது. நடுவில் ஒரு டியூப்லைட் எரிந்தால் ஃபைட்டோகுரோம் மறுபடி பகல் வடிவத்துக்குத் தாவிவிடும், அன்றைய கணக்கு பாழ். செவ்வந்தியும் இந்தச் சாதிதான். பூ தள்ளிப்போகட்டும் என்று பசுமைக்குடிலில் இராத்திரி பல்பு போட்டுவைப்பது இதனால்தான். பழைய சம்பா நெல் ரகங்கள் பலவும், முன்பின்னாக விதைத்தாலும், இரவு நீளும் காலம் வந்த பிறகே கதிர் தள்ளும்.

இனி நம் ஊர்க் கணக்கு. கிறிஸ்துமஸ் கள்ளிக்கு 13 மணி நேரமாவது தொடர்ந்து இருட்டு கிடைத்தால் நல்லது. டிசம்பர் கடைசியில் லண்டனில் இரவு 16 மணி நேரம். காரைக்குடியோ பூமத்திய ரேகையிலிருந்து 10 டிகிரிதான் தள்ளி இருக்கிறது. மார்கழியின் மிக நீண்ட இரவே இங்கே ஏறத்தாழ 12½ மணி நேரம். அதிலும் அந்தி வெளிச்சம், தெருவிளக்கு, பத்து மணிவரை டிவி என்று போய்விட்டால் மிச்சம் எவ்வளவு?

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. இரவு 10 முதல் 13 டிகிரி வரை இறங்கினால் இந்தச் செடி இரவின் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமலே மொட்டு வைக்கும். 15 முதல் 20 வரை இருந்தால் நீண்ட இருட்டு வேண்டும். 24ஐத் தாண்டினால் எவ்வளவு இருட்டு கொடுத்தாலும் பெரும்பாலும் மறுத்துவிடும். கொடைக்கானலில் கேட்காமலே பூப்பதன் ரகசியம் இதுதான். நமக்கு ஐப்பசி இரவுகூடப் புழுக்கம்தான். கிறிஸ்துமஸுக்குள் பூக்க வேண்டுமானால் அக்டோபர் தொடக்கத்திலேயே இருட்டு காட்ட வேண்டும், அது செட்டிநாட்டில் நடக்கிற காரியமில்லை. டிசம்பர் 25ஐ மறந்துவிட்டு மாசியைக் குறிவைப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

இருட்டுக்கு மட்டும் நமக்குப் பஞ்சமில்லை. பழைய செட்டிநாட்டு வீட்டில் வளவை, அதாவது நடு முற்றப் பகுதியை, சுற்றி இருக்கும் இரட்டை வீடுகளில் (முன்னறையும் உள்ளறையுமான ஜோடி அறைகளில்) உள்வீடு என்பது பட்டப்பகலிலும் விளக்குப் போட்டுத்தான் நுழைய வேண்டிய அறை. சுவர் தடிமன், சுண்ணாம்புப் பூச்சு, கதவைச் சாத்தினால் ஒரு கீற்று வராது. திருக்கார்த்திகையிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்குத் தொட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, காலை ஏழரைக்கு முற்றத்தை ஒட்டிய பத்திக்கு (தாழ்வாரத்துக்கு) கொண்டுவந்தால் பதினாலரை மணி நேர இருட்டு. பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். "விளக்கு வைக்கிற நேரத்துல அதை எங்கடா தூக்கிட்டுப் போறே?" என்று அப்பத்தா கேட்கத்தான் செய்வார். திருக்கார்த்திகைக்கு 21ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வருகிறதல்லவா? மொட்டுக்கான முடிவைச் செடி எடுக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். நோன்பன்று இழை எடுத்த பிறகும் இரண்டு வாரம் நீட்டிப்பது உத்தமம். ஃபிளாட்டில் இருப்பவர்கள் பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினாலும் போதும்.

உள்வீட்டில் வாழைத்தார் தொங்கினால் மட்டும் வேறு அறை பாருங்கள். பழுக்கும் காய் எத்திலீன் வாயுவை விடும். பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வாயு இந்தச் செடியின் மொட்டை உதிர்த்துவிடும்.

தை பிறக்கும் சமயம் நுனிகளை உற்றுப் பாருங்கள். கடைசிக் கணுவின் விளிம்பில், மெல்லிய ரோமம் உள்ள குழிவில், கடுகளவு ஒன்று எட்டிப்பார்க்கும். தட்டையாக இருந்தால் புதுத் தண்டு. உருண்டு, சிவப்போடினால் மொட்டு. அது தெரிந்தபின் இருட்டு வேலை முடிந்தது. தொட்டியை இடம் மாற்றாதீர்கள், மண்ணை முழுக்கக் காயவிடாதீர்கள். இந்த இரண்டிலும்தான் பாதி மொட்டு உதிர்கிறது.

இரவில் இச்செடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பகல் சூட்டில் நீர் போய்விடாமல் தண்டிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கும். பகலில் அதை எடுத்துச் சர்க்கரையாக்கும். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப்போவதையும் மென்று பார்த்தே கண்டுபிடித்து 1815இல் எழுதினார். இந்த வகை ஒளிச்சேர்க்கைக்கு அது முன்னோடிக் குறிப்பு.

மண் கலவையில் செம்மண் வேண்டவே வேண்டாம், இறுகிவிடும். உப்புப் போக அலசிய தேங்காய் நார்த்தூள், உடைத்த அடுப்புக்கரி, கொஞ்சம் ஆற்றுமணல், இலை மக்கு போதும். போர் தண்ணீரின் உப்பு இந்த வேருக்கு ஆகாது. முற்றத்துத் தகரக்கூரை வழியே அண்டாவில் பிடிக்கிற மழைத்தண்ணீர் இருக்க வேறெதுவும் தேடாதீர்கள். மேல் மண் காய்ந்தபின் ஊற்றினால் போதும். கத்திரி வெயிலில் மொட்டைமாடிப் பக்கமே கொண்டுபோகாமல் வளவு நிழலில் வையுங்கள்.

ஒற்றைச் செடியில் காயை எதிர்பார்க்க வேண்டாம். டிரங்கேட்டா தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, காட்டில் அந்த வேலையைச் செய்யும் ஓசனிச்சிட்டும் (ஹம்மிங்பேர்ட்) இங்கே இல்லை. பெருக்குவதற்குப் பூ முடிந்ததும் இரண்டு மூன்று கணுவாகத் திருகி எடுத்து, வெட்டு காய இரண்டு நாள் நிழலில் போட்டு, அதே கலவையில் ஊன்றினால் சில வாரத்தில் வேர்விடும். கேட்கிற பங்காளி வீட்டுக்குக் கொடுக்கும்போது உள்வீட்டு விஷயத்தையும் சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் புண்ணாக்குக் கரைசல்தான் ஊற்றுவார்கள்.