உம்கொண்டோ வே சிஸ்வே: ஒரு பெயரும் ஒரு தளபதியும்

தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியை ஆயுதமேந்தி எதிர்த்த அமைப்பின் பெயர் இது, சுருக்கமாக எம்.கே. ஜூலு, கோசா மொழிகளில் ‘உம்கொண்டோ’ என்றால் ஈட்டி. நடுவிலுள்ள ‘வே’ நம்முடைய ‘இன்’ உருபின் வேலையைச் செய்கிறது. ‘சிஸ்வே’ வருவது ‘இசிஸ்வே’யிலிருந்து: ஒரு மக்கள் கூட்டம், தேசம். தமிழில் எழுதும்போது ‘ண்டோ’ என்று மெலிந்துவிடுகிறது. அவர்கள் வாயில் அது வல்லின ‘ன்ட்டோ’.

முதல் தாக்குதல் 1961 டிசம்பர் 16. நாளைப் பார்த்தால் பெயர் விளங்கும். 1838இல் அதே நாளில்தான் போயர்கள் எனும் டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளின் துப்பாக்கிகளுக்கு முன்னால் ஜூலு வீரர்களின் ஈட்டிகள் தோற்றன. அந்த வெற்றியை ஆட்சியாளர்கள் ஆண்டுதோறும் விடுமுறை விட்டுக் கொண்டாடினார்கள். தோற்ற ஆயுதத்தின் பெயரையே மண்டேலாவும் தோழர்களும் சூட்டிக்கொண்டார்கள்.

இந்த ஈட்டியை ஏந்தியவர்களில் ஒருவர் சிபிவே நியாண்டா. 1950இல் சொவெட்டோவில் பிறந்தவர். 1974இல் எம்.கே.யில் சேர்ந்தார். நாட்டுக்குள் தலைமறைவு அமைப்பைக் கட்டும் ‘வூலா’ நடவடிக்கைக்காக 1988இல் சக போராளி மாக் மகாராஜுடன் ரகசியமாக நாட்டுக்குள் நுழைந்தார். வூலா என்றால் ‘திற’. மண்டேலா விடுதலையான 1990இலேயே இவர் பிடிபட்டார். 1994இல் எம்.கே.யும் பழைய அரசுப் படையும் ஒரே ராணுவமாயின. 1998இல் அதற்கே தலைவரானார், அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். தன்னை வேட்டையாடிய படையின் ஆட்களும் அன்று அவருக்கு சல்யூட் அடித்தார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘நாட்டின் வேல்’ ஓசைக்கு இனிமைதான். ஆனால் வேல் என்றதும் நமக்கு முருகன் வந்து நிற்கிறார். உம்கொண்டோ சாதாரண மனிதன் கைப்பிடித்த ஆயுதம். ஆகவே ஈட்டி. ‘இனத்தின் ஈட்டி’ கூடவே கூடாது. இனம் பிரித்த ஆட்சியை எதிர்த்த அந்தப் படையில் வெள்ளையரான ஜோ ஸ்லோவோ இருந்தார். ராபன் தீவில் 20 ஆண்டு சிறையிருந்த டர்பனின் பில்லி நாயரும் இருந்தார். ‘மக்களின் ஈட்டி’ என்பதே என் தேர்வு.

நியாண்டாவின் பதவியைச் செய்தித்தாள்கள் ‘ஜெனரல்’ என்றே எழுதுகின்றன. அது அரசு கொடுத்த பட்டம். தலைமறைவில் படை நடத்திய ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பொருந்துவது ‘தளபதி’.